உப்புத் தண்ணீரும் கடிதத்தின் இரண்டாம் பக்கமும்

எழுபதுகளின் நடுப்பகுதியில், நான் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் வருடத்தில், மூதூரில் என் பெரியம்மா வீட்டில் இது நடந்தது. விடுமுறைக்குத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நான்கு நாட்கள் தங்கிவிட்டு வரலாம் என்று லோஞ்ச் என்னும் மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போனேன். சொல்லப்போவதில் பெரும்பகுதி மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் நடந்தது. எழுதுவதற்கு முன் பெரியம்மாவின் மகளிடம், என்னைவிட நான்கு வயது மூத்த அக்காவிடம், அனுமதி கேட்டேன். “எழுது. ஆனா உன்னையும் விடாமல் எழுது” என்றாள். ஆகவே என்னையும் விடாமல் எழுதுகிறேன்.

பெரியம்மா வீடு ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. பெரும்போக அறுவடை முடிந்த காலம். சூடடித்த நெல் மூட்டைகளாக வந்து, நானும் அக்காவும் படுக்கும் அறையின் ஒரு சுவரை முழுவதும் மறைத்து அடுக்கப்பட்டிருந்தது. விளக்கு அணைந்ததும் மூட்டைகளுக்கிடையில் எலிகள் ஓடும் சத்தம் கேட்கும். அறையில் இருந்தது ஒரே கட்டில். விருந்தாளி என்று அதை எனக்குத் தந்துவிட்டு, அக்கா மூட்டைகளுக்கும் கட்டிலுக்கும் இடையில் பாய் விரித்துப் படுத்தாள்.

அப்போது அந்த வீட்டில் ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா ஏறக்குறைய வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா சம்மதிக்கவில்லை. இரண்டாம் நாள் இராச் சாப்பாட்டின்போது அது வெடித்தது.

“மாப்பிள்ளையில என்ன குறை கண்டனி?” என்றார் பெரியப்பா.

“குறை ஒண்டும் இல்லை அப்பா. எனக்கு இப்ப வேண்டாம்.”

“இப்ப வேண்டாமெண்டால் எப்ப? நான் செத்துக் காடாத்து முடிஞ்சாப் பிறகோ?”

அக்கா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தாள். நான் பின்னால் போகவில்லை. பிறருடைய துக்கத்துக்குள் அழைக்காமல் நுழைவது எனக்குப் பழக்கமில்லை. பிறகு அவள் அறைக்கு வந்து, அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் எதையோ எழுதினாள். நான் நித்திரைபோலக் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறாள் என்று அறிய விரும்பினேன். கேட்க விரும்பவில்லை.

விடியற்காலை ஐந்து மணியளவில் முனகல் சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா வயிற்றை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டிருந்தாள். “வயித்தைப் பிசையுது” என்றாள். பெரியம்மா வந்து அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். அதை அப்படியே வாந்தியெடுத்தாள். பெரியப்பா, “இராவைக்குச் சாப்பிடாமக் கிடந்தால் வேற என்ன வரும்?” என்று முணுமுணுத்தார்.

நான் அறையைச் சரிசெய்யலாம் என்று அக்காவின் தலையணையை எடுத்தேன். அதன் கீழே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பிறர் கடிதம் வாசிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வாசித்தேன். மேல் மூலையில் “2” என்று இலக்கம் இட்டிருந்தது. முதற் பக்கம் அங்கே இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

“என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னால் யாருக்கும் அவமானம் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன். இதற்காக அப்பாவைக் குறை சொல்லவேண்டாம்.”

கீழே அவளுடைய கையெழுத்து.

செய்யுளுக்குப் பொருள் காணும் பயிற்சியை இரண்டு வருடமாகப் பெற்றுக்கொண்டிருந்தவள் நான். சொல்லாமல் விட்டதைச் சொன்னதிலிருந்து ஊகிப்பதில் எனக்கு நல்ல புள்ளிகள் கிடைத்திருந்தன. இராச் சண்டை, கிணற்றடி, லாம்பு, கடிதம், வயிற்றுவலி எல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல எனக்குத் தெரிந்தன. நேரே வீட்டின் பின்னால் இறக்கிய பத்திக்குப் போனேன். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்துப் போத்தல் வழக்கமாக அங்கே கூரை வளையில் கட்டித் தொங்கும். முந்தைய விடுமுறையில் அதைப் பார்த்திருக்கிறேன். இப்போது கயிறு மட்டும் தொங்கியது.

திரும்பி வந்து, தலையை வருடிவிடுபவள்போல அக்காவின் முகத்தருகே குனிந்து மணந்து பார்த்தேன். கொத்தமல்லி மணம்தான் வந்தது. மருந்தின் நெடியைக் கொத்தமல்லி மறைத்துவிட்டது என்று எனக்கு நானே உரை எழுதிக்கொண்டேன். என் முடிவுக்கு ஒத்துவராத ஒரே சான்றை நான் இப்படித்தான் அகற்றினேன்.

பெரியம்மாவை அறைக்குள் அழைத்து, கடிதத்தை வாசித்துக் காட்டினேன். போத்தல் இல்லாததையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை. வெளியே போய் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அவரிடம் செய்தியைக் கேட்ட பெரியப்பா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டார். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வரும். ஊர் சிரிக்கும். அதுக்குப் பிறகு இவளை ஆர் எடுப்பான்?”

“அப்ப என்ன செய்யிறது?” என்றார் பெரியம்மா.

“சத்தி எடுக்கப் பண்ணு. உப்பைக் கரைச்சுக் குடு. எல்லாம் வெளியில வந்திடும்.”

அக்காவைத் திரும்பவும் அறைக்குக் கொண்டுவரவில்லை. நடு அறையில் ஒரு சாக்கை விரித்து இருத்தினோம். பெரியம்மா அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

“என்னத்தைக் குடிச்சனி? உண்மையைச் சொல்லு.”

“குடிக்கிறதோ? நான் ஒண்டும் குடிக்கேல்ல” என்றாள் அக்கா எரிச்சலோடு.

நான் அருகில் இருந்து, “அக்கா, கடிதத்தைப் பாத்திட்டன். ஒளிக்காதேங்கோ” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்க்க முயன்றாள் என்பதே சரி. இமைகள் பாதிக்கு மேலே எழும்பவில்லை. “அது... அது வேற. நான் குடிக்கேல்ல” என்றாள். கண்ணீர் வந்தது.

“முகத்தைப் பாக்க வெக்கப்படுறாள்” என்றார் பெரியம்மா.

மூன்றாவது தரம் கேட்டபோது அதே பதிலைச் சொன்னாள். நாக்குத் தடித்தவள்போலச் சொற்கள் குழறின. குழறலையும் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். நான்காவது தரம் அவளால் பேச முடியவில்லை. தலையை இடமும் வலமுமாக ஒரு தரம் அசைத்தாள். நான் அவளுடைய பிடரியைத் தாங்கிக்கொண்டு, உப்புத் தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்துச் சரித்தேன். ஒரு மிடறுகூட இறங்கவில்லை. மூக்கால் வந்தது. அவளுக்குப் புரையேறி முகம் கறுத்தது. பெரியம்மா முதுகில் அடித்தார். மூச்சுத் திரும்பியதும் நான் மறுபடியும் செம்பைச் சரித்தேன்.

அந்த நேரத்தில் வெளியே ஒரு குரல்.

“என்ன மாமி, விடிஞ்சும் கதவு பூட்டு? பொண்ணு பாக்க வந்த ஆக்கள் உள்ளுக்கோ?”

பக்கத்து வளவில் இருந்த முஸ்லிம் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை ராத்தா என்றுதான் அழைப்பார்கள். நெல் காயவைப்பதிலும் புடைப்பதிலும் பெரியம்மாவுக்குக் கைமாறாக உதவுபவர். வேலிப் பொட்டின் இடைவெளியால் நுழைந்து, இரவல் வாங்கிய சுளகைக் கொடுக்க வந்திருந்தார். அவருடைய வாய்க்கு ஊர் முழுவதும் பயம். பெரியப்பா என்னைப் பார்த்து, அனுப்பிவிடு என்று கையால் சைகை காட்டினார்.

நான் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியில் நின்றுகொண்டேன். சுளகை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“ஆருக்குச் சத்தி?”

“அக்காவுக்கு. கொஞ்சம் வயித்துவலி.”

“எப்ப துவங்கின?”

“விடியப்புறம்.”

“ராவு கட்டில்லயா படுத்த, கீழயா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுச் செய்தியைக் கிண்டி எடுத்துக்கொண்டு போகத்தான் இந்தக் கேள்விகள் என்று நிச்சயமாக நம்பினேன். “அது ஏன் உங்களுக்கு?” என்றேன்.

“நான் கேக்கிறதுக்குச் சொல்லுங்க தங்கச்சி. கண் சொருகுதா?”

இமைகளைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லையே, இவருக்கு எப்படித் தெரியும் என்ற புதிய சந்தேகம் எழுந்தது. எங்கேயோ நின்று பார்த்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் என் தோளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார்.

அக்காவின் முன் குந்தியிருந்து, பெருவிரலால் இமையை உயர்த்தினார். விட்டதும் அது விழுந்தது. தன் கையை அவளுடைய கைக்குள் வைத்து, “அமத்துங்க பாப்பம்” என்றார். அக்காவின் விரல்கள் மூடவில்லை. செம்பைக் கண்டு, அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“ஆர் இந்த உப்புத் தண்ணிய ஊத்தின? இந்தப் புள்ளைக்குப் பாம்பு கடிச்சிருக்கு.”

“பாம்பு கடிச்சால் தெரியாதோ? கத்தியிருப்பாளே” என்றார் பெரியப்பா.

“கட்டுவிரியன் கடிச்சாத் தெரியாது ஐயா. போன போகத்தில எங்கட வயல்ல வெட்ட வந்த ஒராள் இப்பிடித்தான் வயித்துக் குத்து எண்டு எழும்பினார். நாங்களும் இஞ்சித் தண்ணி குடுத்தம். பகலைக்கு உசிர் போய் மையித்து.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ராவைக்கு ஏதும் சொன்னாவா? கடிச்ச எண்டு, குத்தின எண்டு?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரவில் எப்போதோ அக்கா, “காதுக்குப் பின்னால என்னவோ சுள்ளெண்டுது” என்று சொல்லியிருந்தாள். “சிலந்தியாக்கும் அக்கா. தட்டிப்போட்டுப் படுங்கோ” என்று நான் அரைத் தூக்கத்தில் பதில் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். காலையில் கதை முழுவதையும் கட்டியபோது அந்த ஒரு வரிக்கு அதில் இடமிருக்கவில்லை.

அக்காவின் காதுக்குப் பின்னால் மயிரை ஒதுக்கிப் பார்த்தோம். வீக்கமில்லை, சிவப்பில்லை. குத்தூசி பட்டதுபோல ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்ததா என்பதை இன்றும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ராத்தா கூட்டும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். தடியின் நுனியால் பாயின் ஓரத்தை மெல்ல உயர்த்தினார். மூட்டைப் பக்கமாக, பாயின் கீழே அது கிடந்தது. எண்ணெய் பூசியதுபோன்ற கறுப்பு. அதில் மெல்லிய வெள்ளை வளையங்கள். வெளிச்சம் பட்டதும் சீறவில்லை, ஓடவில்லை. தலையைத் தன் சுருளுக்குள் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு முன் அந்தப் பாயின் தலைமாட்டில் வெறுங்காலுடன் நின்றுதான் நான் கடிதம் வாசித்தேன்.

பெரியப்பா உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ராத்தா பாயை விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

“அதுட சாவு கெடக்கட்டும். உங்கட புள்ளட உசிரப் பாருங்க!”

பொலிஸுக்குப் பயந்து ஒரு மணி நேரமாக அசையாமல் இருந்த பெரியப்பாவை இப்போது அவசரம் பிடித்துக்கொண்டது. அதுவும் வேறொரு திசையில் போனது. மூன்று மைல்கட்டை தூரத்தில் ஒரு விஷகடி வைத்தியர் இருந்தார். அவரிடம் நோயாளியைக் கொண்டுபோவதற்கு முன் ஒரு தூதுவன் போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். அவன் எந்தத் திசையில் நின்றான், எந்தக் காலை முன்வைத்தான், முதலில் என்ன சொல்லைச் சொன்னான் என்பவற்றைக் கொண்டு, கடித்தது எது, பிழைப்பாரா என்று வைத்தியர் குறி பார்ப்பார். ஆகவே யாரை அனுப்புவது என்று பெரியப்பா யோசிக்கத் தொடங்கினார். பெண்கள் போகக் கூடாது. நோயாளியின் தந்தை என்பதால் அவரும் போகக் கூடாது.

“தூது போறவன் எந்தக் காலில நிண்டான் எண்டு பாக்கிற நேரமா ஐயா இது?” என்றார் ராத்தா. “அவரே இப்ப விரியன் கடியெண்டா ஆஸ்பத்திரிக்குத்தான் ஏத்தி விடுறார்.”

“அப்ப கட்டாவது போடுவம். நஞ்சு ஏறும்” என்று பெரியப்பா மாடு கட்டும் கயிற்றை எடுத்துவந்தார்.

“கடிச்சது காதடியில. எங்க கட்டப் போறீங்க, கழுத்திலயா?”

அந்த நிலையிலும் பெரியம்மாவுக்கு ஒரு சிரிப்பு வந்து, அழுகையாக மாறியது. பெரியப்பா கயிற்றைக் கீழே போட்டார். ராத்தா வேலிப் பக்கம் திரும்பித் தன் கணவரை அழைத்த குரல் வயல் முழுவதும் கேட்டிருக்கும். அவர் உழவு மெசினை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்தார். வைக்கோல் பரப்பி, அக்காவைச் சரித்துப் படுக்கவைத்து, வாயில் இருந்தது வெளியே வடியும்படி முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டோம். அவளை ஓரடிகூட நடக்க விடவில்லை. ஆஸ்பத்திரி வரையான தூரம் முழுவதும் நான் அவளுடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடிதம் என் சட்டைக்குள் இருந்தது.

மூதூரில் இருந்த சிறிய ஆஸ்பத்திரியின் டொக்டர் இளைஞர். பாம்பின் நிறத்தையும் நேரத்தையும் கேட்டார். அக்காவின் வாயருகே உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்ததைக் கண்டு, “இது என்ன? வேற ஏதும் நடந்ததோ? எனக்கு ஒளிக்கக் கூடாது” என்றார்.

பெரியப்பா தரையைப் பார்த்தார். பாம்பைக் கண்ணால் கண்ட பிறகும் என் சந்தேகம் முழுவதும் போகவில்லை என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். இரண்டும் நடந்திருக்கலாம் அல்லவா என்று மனம் கேட்டுக்கொண்டிருந்தது. கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். “மருந்தும் குடிச்சிருப்பா எண்டு நினைக்கிறன்” என்றேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் காதில் அது விழுந்தது.

அவர் கடிதத்தை வாசிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு, டோர்ச்சை எடுத்து அக்காவின் கண்ணுக்குள் அடித்தார்.

“இஞ்ச வாங்கோ, பாருங்கோ. அந்த மருந்து குடிச்ச ஆக்களுக்குக் கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கும். வாயால நீர் வழியும். மேலெல்லாம் வேர்க்கும். இவவின்ர கண்மணி எப்பிடி இருக்கு?”

பெரிதாக விரிந்திருந்தது.

“உப்புத் தண்ணி ஆர் குடுத்தது?”

“நான்.”

“விழுங்கேலாத ஆளுக்கு வாயால ஒண்டும் குடுக்கக் கூடாது. பாம்பு மிச்சம் விட்டதை நீங்கள் முடிச்சிருப்பியள்.”

கடுமையாகச் சொல்லவில்லை. ஊசியை ஏற்றிக்கொண்டே சொன்னார். விஷமுறிவு மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றியபடி, பெரியம்மாவுக்கும் எனக்குமாக இன்னும் சில சொன்னார். அவற்றை அன்றே குறித்து வைத்துக்கொண்டேன். கட்டுவிரியன் கடித்த இடம் வீங்காது, பெரிதாக நோகாது. நெல் வீட்டுக்கு வரும் காலத்தில், தரையில் படுத்த ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலியும் வாந்தியுமாக எழுந்தால், இமை சரிந்தால், பேச்சுக் குழறினால், காயத்தைத் தேடிக்கொண்டிராமல் கொண்டுவரவேண்டும். சிலந்தி என்று தோன்றினாலும் அப்படித்தான். கயிற்றால் இறுக்கக் கூடாது, பிளேட்டால் வெட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. ஆளை அசைக்காமல் தூக்கி வரவேண்டும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போய் இரண்டாவது கடி வாங்கக் கூடாது. தூரத்தில் நின்று நிறத்தைப் பார்த்தால் போதும்.

மருந்து ஏறியும் அக்காவின் மூச்சு மேலோட்டமாகவே இருந்தது. மூச்சு நின்றால் இயந்திரம் வேண்டும், அது திருகோணமலையில்தான் உண்டு என்றார் டொக்டர். தரைவழியென்றால் ஆறுகளில் பாதை என்னும் மிதவைப் படகுகளுக்கு ஒவ்வொன்றாகக் காத்திருந்து ஏறவேண்டும். காலை லோஞ்சை நிறுத்திவைக்க ஆள் ஓடியது. கையால் அமத்தி மூச்சுக் கொடுக்கும் றப்பர்ப் பையோடு ஆஸ்பத்திரித் தாதியான மிஸி ஒருவரும், ராத்தாவும் எங்களோடு கூட வந்தார்கள்.

லோஞ்சின் நடுப்பலகையில் அக்காவைக் கிடத்தினோம். சந்தைக்குப் போகிறவர்கள் கடகங்களையும் கோழிக்கூடைகளையும் ஒதுக்கி இடம் விட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “மருந்து குடிச்சதாம். கடிதமும் எழுதி வைச்சதாம்.”

நான் ஆஸ்பத்திரியில் சொன்ன சொல் எங்களுக்கு முன்பே வந்து லோஞ்சில் ஏறியிருந்தது. வெட்கத்தில் அக்காவின் முகத்துக்கு மேல் குனிந்துகொண்டேன். ராத்தாதான் திரும்பினார்.

“ஓம், பாம்பு குடுத்த மருந்து. எங்கட மாமி வீட்டுப் பாய்க்குக் கீழ இன்னும் இருக்கு. உங்களுக்கும் கொஞ்சம் வேணுமா?”

சொன்னவர் தன் கடகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குடாவின் நடுவில் அக்காவின் நெஞ்சு எழும்புவது நின்றது. மிஸி முகமூடியை வைத்துப் பையை அமத்தத் தொடங்கினார். என்னைப் பார்த்து, “நாடியைத் தூக்கிப் பிடியுங்கோ, விடாதேங்கோ” என்றார். பிடித்தேன். அவர் அமத்தும்போது நெஞ்சு எழும்பியது. விடும்போது தாழ்ந்தது. கை சோர்ந்தபோது ராத்தா பையை வாங்கி, மிஸி எண்ணிய எண்ணுக்கு அமத்தினார். பெரியம்மா கடலைப் பார்த்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் அழைத்தார். பெரியப்பா அக்காவின் பாதங்களை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். யாரும் எதையும் சந்தேகிக்காத நேரம் அந்த நாளில் அது ஒன்றுதான்.

துறையில் அம்புலன்ஸ் நின்றது. நான்கு நாட்கள் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. ஐந்தாம் நாள் ஒரு விரல் அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பின.

பத்தாம் நாள் மாலை வார்டில் நாங்கள் இருவரும் தனியே இருந்தோம். மன்னிப்புக் கேட்க நான் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நான் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான், தெரியுமே? கண்ணைத் திறக்கேலாது. கதைக்கேலாது. ஆனா காது கேட்டது.”

“எல்லாமோ?”

“எல்லாம். ஆர் எடுப்பான் எண்டு அப்பா சொன்னது. லோஞ்சில சனம் கதைச்சது. நீ அம்மாவுக்குக் கடிதம் வாசிச்சதும் குசினிக்குக் கேட்டது. நல்லாத்தான் வாசிச்சனி. அதைக் கேட்டு நானே செத்துப்போகப் போறன் எண்டு நம்பியிருப்பன்.”

சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. கடிதம் யாருக்கு என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த மாப்பிள்ளைக்கு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவாகிவிட்டதாகவும், கலியாணத்துக்குத் தன்னால் சம்மதிக்க முடியாது என்றும் அவருக்கு நேரே எழுதியிருக்கிறாள். பூச்சி மருந்துப் போத்தலைப் பெரியப்பா போகத்தின் தொடக்கத்திலேயே வயல் வாடிக் கொட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தார்.

“முதல் பக்கம் தையல் பெட்டிக்குள்ள கிடந்தது” என்றாள். “கேட்டிருந்தால் எடுத்துத் தந்திருப்பன்.”

இரண்டு பக்கங்களையும் உறையில் இட்டு, பெரியப்பாவே தபாலில் சேர்த்தார். அவர் அதை வாசிக்காமல்தான் சேர்த்தார் என்று அக்கா சொல்கிறாள். நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அவள் இப்போது பயிற்சியை முடித்துவிட்டு ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். ராத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. “தள்ளினது நான்தானே தங்கச்சி, தோள் நொந்ததா?” என்று கேட்டார்.

வாசிப்பவளுக்குச் சந்தேகம் வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவர்களோடு நான் இன்றும் முரண்படவில்லை. ஆனால் அது தாளோடு நிற்கவேண்டியது. தாளை மறுபடியும் வாசிக்கலாம். அக்கா மூன்று தரம் இல்லை என்றாள். நான்காம் தரம் சொல்ல அவளிடம் குரல் இருக்கவில்லை. இப்போது யாராவது தமக்கு உடம்புக்கு ஏலாது என்று சொன்னால், அதற்குக் காரணம் தேடி மனம் ஓடுவதற்கு முன், எங்கே நோகிறது, எப்போதிருந்து என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே நம்ப முயல்கிறேன். அது எனக்கு இன்னும் எளிதாக வரவில்லை.